அந்த ஒரு விநாடி யாருக்குச் சொந்தம்?

அமெரிக்க உதைபந்தாட்டத்தைப் பற்றி இங்கு நான் எழுதுவது வாசகர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். கிரிக்கெட்டில் ஊறிப்போன நமக்கு, தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்த 22 பேரின் மோதலைப் பற்றி வாசிக்க என்ன தேவை என்று அவர்கள் கேட்கக்கூடும். தேவை இருக்கிறது. ஒரு விதி எந்தக் காரணத்துக்காகப் பிறந்தது என்பதை மறந்துவிட்டு அதனைத் தளர்த்துமாறு குரல் எழுப்புவதும், ஏட்டில் வைத்துக்கொண்டே நடைமுறையில் அதனைத் தேய்ந்துபோக விடுவதும் அரசாங்கங்களுக்கு மட்டும் உரிய பழக்கங்கள் அல்ல. பல்லாயிரம் கோடி ரூபா புரளும் விளையாட்டு நிறுவனங்களிலும் அவை தாராளமாகக் காணப்படுகின்றன.

பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு முன்னர் வீரர்கள் எப்படி நகரலாம், எப்படி நகரக்கூடாது என்பதைப் பற்றிய விதியையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். பத்திரிகை அலுவலகம் ஒன்றில் முன்னர் என்னோடு பணியாற்றி, இப்போது ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் இவ்விடயத்தில் என்னோடு நெடுநாளாக வாதிட்டு வருகிறார். "கனடாவில் பின்வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் விருப்பம் போல ஓடுகிறார்கள். அமெரிக்காவில் மட்டும் ஏன் அவர்களைச் சிலைகளாக நிறுத்தி வைக்க வேண்டும்? அந்தத் தடையை எடுத்துவிட்டால் ஆட்டம் இன்னும் விறுவிறுப்பாக இருக்குமே" என்பது அவருடைய வாதம். இது அவருடைய வாதம் மாத்திரமல்ல. ஓட்டத்தையும் ஓட்ட எண்ணிக்கையையும் மட்டுமே விளையாட்டு என்று கருதும் பலருடைய வாதமும் இதுதான். நான் இதனை முற்றாக மறுக்கிறேன்.

விதி சொல்வது என்ன?

முதலில் விதியைத் தெளிவாக விளங்கிக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டமுயற்சியும் 'ஸ்நாப்' எனப்படும் ஒரு செயலோடு தொடங்குகிறது. வரிசையின் நடுவில் குனிந்து நிற்கும் வீரர் தரையில் இருக்கும் பந்தைத் தன் கால்களுக்கு இடையால் பின்னே நிற்கும் குவாட்டர்பேக்கிடம் கொடுக்கும் கணமே அது. பந்து இருக்கும் இடத்தின் ஊடாகக் குறுக்கே ஓடும் கற்பனைக் கோட்டுக்கு ஸ்கிரிமேஜ் கோடு என்று பெயர். தாக்கும் அணியின் 11 பேரில் குறைந்தது 7 பேர் அக்கோட்டில் நிற்க வேண்டும். ஸ்நாப்புக்கு முன்னர் தாக்கும் அணியினர் அனைவரும் ஆகக்குறைந்தது ஒரு முழு விநாடி அசையாமல் நின்றிருக்க வேண்டும். அதன் பின்னர் கோட்டில் இல்லாத வீரர் ஒருவர், ஒரே ஒருவர், நகர்ந்துகொண்டிருக்கலாம். அவரும் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ நகரலாமே தவிர, பந்து நகரும் கணத்தில் எதிரணியை நோக்கி முன்னே வந்துகொண்டிருக்கக் கூடாது. இந்த அசைவுக்கு 'மோஷன்' என்று பெயர். ஒருவருக்கு மேற்பட்டோர் ஒரே நேரத்தில் இடம் மாறினால் அது 'ஷிப்ட்' எனப்படும். அப்போது எல்லோரும் மீண்டும் ஒரு முழு விநாடி நின்ற பின்னரே பந்து நகரலாம். மீறினால் 5 யார் தண்டனை.

நமது ஊர்களில் கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இது எளிதில் புரியும். மறிப்பவர் தனக்குரிய கோட்டின் மீது இடமும் வலமும் ஓடலாம். கோட்டை விட்டு முன்னே பாய முடியாது. மோஷன் வீரரின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

கல்லூரி ஆட்டத்திலும், பாடசாலை ஆட்டத்திலும், என்.எப்.எல். எனப்படும் தொழில்முறை லீக்கிலும் இவ்விதியின் சாரம் ஒன்றுதான். 5 யார் என்பது சிறிய தண்டனை. எனவே விளையாட்டுச் செய்தி எழுதுபவர்கள்கூட இதனை ஒரு நுணுக்கமான சம்பிரதாயமாகக் கருதி, அரை வாக்கியத்தில் கடந்து சென்றுவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. இவ்விதியின் பிறப்பு சம்பிரதாயத்தில் அல்ல, சவப்பெட்டிகளில் நிகழ்ந்தது.

சதுரங்க வீரரின் கண்டுபிடிப்பு

1892ஆம் ஆண்டு நவம்பர் மாதம். ஹார்வார்ட் பல்கலைக்கழக அணி, யேல் பல்கலைக்கழக அணியை எதிர்த்து ஆடியது. இடைவேளைக்குப் பின்னர் ஹார்வார்ட் அணியினர் இரு குழுக்களாகப் பிரிந்து, பின்னால் தொலைவிலிருந்து ஓடிவந்து, ஆப்பு வடிவத்தில் ஒன்றுசேர்ந்து, பந்தை வைத்திருந்தவரை நடுவில் மறைத்துக்கொண்டு யேல் அணியின் மீது முழு வேகத்தில் பாய்ந்தனர். 'பறக்கும் ஆப்பு' என்று வரலாற்றில் இடம்பெற்ற இந்த உத்தியை வகுத்த லோரின் டெலன்ட் என்பவர் உதைபந்தாட்ட வீரர் அல்லர். சதுரங்கத்திலும் போர்த் தந்திரங்களிலும் ஈடுபாடு கொண்டவர். எதிரி நின்றுகொண்டிருக்கும்போது, நமது முழுப் படையும் வேகமெடுத்த நிலையில் ஓரிடத்தில் போய் மோதினால் எதிரி சிதறுவான் என்ற படைத்துறைப் பாடத்தை அவர் விளையாட்டுத் திடலுக்குக் கொண்டுவந்தார்.

அந்த ஆட்டத்தில் ஹார்வார்ட் வெல்லவில்லை என்பது வேறு விடயம். உத்தி வென்றது. அடுத்த ஆண்டே நாடு முழுவதும் கல்லூரிகள் அதனைப் பின்பற்றின. பந்து ஆட்டத்துக்கு வருமுன்னரே ஓட்டமெடுத்து, கூட்டமாகச் சென்று, நிற்பவன் ஒருவன் மீது மோதும் ஆட்டமுறைகள் பெருகின. கழுத்தெலும்புகளும் மண்டையோடுகளும் நொறுங்கின. ஆப்பு 1894இல் தடைசெய்யப்பட்டது. ஆனால் பயிற்றுநர்கள் அதே தத்துவத்தை வேறு வடிவங்களில் உயிரோடு வைத்திருந்தனர். விதியை எழுதியவர்கள் ஒரு வாசலை அடைத்தால், அவர்கள் இன்னொரு யன்னலைத் திறந்தார்கள்.

இதன் விளைவு 1905இல் முழு நாட்டுக்கும் தெரியவந்தது. அவ்வாண்டுப் பருவகாலத்தில் குறைந்தது 18 பேர் மாண்டனர் என்று 'சிக்காகோ ட்ரிபியூன்' பத்திரிகை கணக்கிட்டு வெளியிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், மாணவர்கள். பத்திரிகையாளன் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்றைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். பத்திரிகைகள் இறந்தவர்களை எண்ணத் தொடங்கிய பின்னரே பல்கலைக்கழகங்கள் தமது பெருமைகளை எண்ணுவதைச் சற்று நிறுத்தின.

அவ்வாண்டு ஒக்டோபர் 9ஆம் திகதி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வார்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். ஆண்டின் இறுதியில் நியூ யோர்க் பல்கலைக்கழகத் தலைவர் ஹென்றி மக்ரெக்கனின் முன்முயற்சியில் கல்லூரிகள் கூடி ஓர் அமைப்பை உருவாக்கின. இன்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிருவகிக்கும் என்.சி.ஏ.ஏ. அதிலிருந்து வளர்ந்ததே. 1906இல் பந்தை முன்னோக்கி எறிவது சட்டபூர்வமாக்கப்பட்டது. இரு வரிசைகளுக்கும் இடையே பந்தின் நீளத்துக்கு வெற்றிடம் விடப்பட்டது. மரணங்கள் அப்போதும் ஓயவில்லை. எனவே 1910இல் மேலும் இறுக்கினார்கள். 7 பேர் கட்டாயமாகக் கோட்டில் நிற்க வேண்டும், பந்தை வைத்திருப்பவரைச் சக வீரர்கள் தள்ளவோ இழுக்கவோ கூடாது என்றார்கள்.

இந்தச் சீர்திருத்தங்களை ஒரே பார்வையில் பார்த்தால் அவற்றின் நோக்கம் விளங்கும். மோதலைத் தடைசெய்வது நோக்கமல்ல. மோதல் இல்லாமல் இவ்விளையாட்டே இல்லை. நிற்பவன் மீது ஓடிவருபவன் மோதுவதைத் தடுப்பதே நோக்கம். இருவரும் நின்ற நிலையிலிருந்து புறப்பட வேண்டும் என்பதே அதன் நீதி.

ரொக்னியும் ஒரு விநாடியும்

அந்த நீதியைச் சுற்றிவளைத்துச் செல்ல முயன்றவர்களில் சாதாரணமானவர்கள் மட்டும் இருக்கவில்லை. 1920களில் நொட்ர டேம் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் நூட் ரொக்னி அமெரிக்க விளையாட்டுலகின் மிகப் பெரிய பெயர்களுள் ஒருவர். அவருடைய பின்வரிசை வீரர்கள் நால்வரும் நடனக் குழுவினர் போன்று ஒரே தாளத்தில் இடமோ வலமோ துள்ளி இடம் மாறுவர். மாறிய கால்கள் தரையில் நிலைகொள்ளுமுன் பந்து நகர்ந்துவிடும். அவர்கள் நின்றார்களா, நிற்கவில்லையா என்று நடுவர் தீர்மானிப்பதற்குள் ஆட்டம் பத்து யார் கடந்திருக்கும். நின்றோம் என்று அவர்கள் சொல்லலாம். நிற்கவில்லை என்று எதிரணி சொல்லலாம். நிரூபிக்க எவராலும் முடியாது.

எனவேதான் 1927இல் விதியை எழுதியவர்கள் "நிற்க வேண்டும்" என்பதோடு நிறுத்தாமல், "ஒரு முழு விநாடி நிற்க வேண்டும்" என்று கால அளவையும் சேர்த்தார்கள். ரொக்னி அதனைக் கடுமையாக எதிர்த்தார். தமது கலையை அது கொன்றுவிடும் என்று கருதியவர்கள் பலர். என்ன நடந்தது? 1929இலும் 1930இலும் ரொக்னியின் அணி ஒரு போட்டியிலும் தோற்கவில்லை. விதி கலையைக் கொல்லவில்லை. கலையின் பெயரால் நடந்த கள்ளத்தனத்தைத்தான் கொன்றது.

மேம்போக்கான சமத்துவம்

இனி, மறுதரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். "தடுக்கும் அணியினர் பந்து நகருமுன் எத்தனை பேரும், எத்திசையிலும், எவ்வளவு வேகத்திலும் ஓடலாம். பந்து நகரும் கணத்தில் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் போதும். தாக்கும் அணிக்கு மட்டும் விலங்கு. இது எந்த ஊர் நீதி?" என்று கேட்கிறார்கள்.

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கேள்வி ஓர் அடிப்படை உண்மையை மறைக்கிறது. பந்து எப்போது நகரும் என்பது தாக்கும் அணிக்குத் தெரியும். தடுக்கும் அணிக்குத் தெரியாது. பந்து எங்கே போகப்போகிறது என்பதும் அப்படியே. குவாட்டர்பேக் தன் குரலை ஏற்றியும் இறக்கியும் எதிரணியை ஏமாற்றிக் கோட்டைத் தாண்டச் செய்யலாம். அவ்வாறு ஏமாந்து தாண்டியவருக்கே 5 யார் தண்டனை. ஆனால் தடுக்கும் அணி ஸ்நாப் குறிப்பைப் போலி செய்து சத்தமிட்டால் அது குற்றம். நேரம், குரல், திட்டம், முதல் அசைவு ஆகிய நான்கும் ஒரு பக்கத்திடம் இருக்கின்றன. மறுபக்கத்திடம் இருப்பவை கண்களும் கால்களும் மட்டுமே. அந்தக் கண்களுக்கு ஒரு விநாடி கொடுங்கள் என்று கேட்பது சலுகையா? அறியாதவனுக்கு அறிந்தவன் செலுத்த வேண்டிய கடன் அது.

இரு தரப்பினரையும் ஒரே விதியால் கட்டுவது சமத்துவம் என்று நினைப்பது மேம்போக்கான பார்வை. யாரிடம் அதிகாரம் இருக்கிறதோ அவரைச் சற்று அதிகமாகக் கட்டுவதே சமத்துவம்.

கனடாவை முழுமையாகப் பாருங்கள்

நண்பரின் கனடாவுக்கு வருவோம். அங்கே கோட்டில் இல்லாத வீரர்கள் எத்தனை பேரும் எத்திசையிலும், முன்னோக்கியும்கூட, ஸ்நாப்புக்கு முன்னரே ஓடலாம் என்பது உண்மை. பந்து நகரும் கணத்தில் அவர்கள் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் சரி. பார்ப்பதற்கு அழகான காட்சிதான் என்பதை மறுக்கவில்லை.

ஆனால் கனடா அந்தச் சுதந்திரத்தை இலவசமாக வழங்கவில்லை. அங்கே தடுக்கும் அணி பந்திலிருந்து ஒரு முழு யார் தள்ளி நிற்கிறது. ஒவ்வோர் அணியிலும் 12 பேர். பத்து யார் முன்னேற அமெரிக்காவில் 4 முயற்சிகள். கனடாவில் 3 மாத்திரமே. திடலின் அகலம் அமெரிக்காவில் 53 யாருக்குச் சற்று அதிகம். கனடாவில் 65 யார். ஓடிவருபவனுக்கு வேகம் கொடுத்த கனடியர்கள், எதிர்கொள்பவனுக்குத் தூரத்தையும், மேலதிகமாக ஒரு துணையையும், குறைந்த முயற்சிகள் என்ற அனுகூலத்தையும் கொடுத்திருக்கிறார்கள். தராசின் இரு தட்டுகளிலும் எடை வைத்திருக்கிறார்கள். ஒரு தட்டை மாத்திரம் தூக்கிக்கொண்டு எல்லையைக் கடந்து வந்து, "இதோ சுதந்திரம்" என்று காட்டுவது நேர்மையான ஒப்பீடு அல்ல.

2025 செப்டெம்பரில் கனடிய லீக், திடலின் நீளத்தை 110 யாரிலிருந்து 100 யாராக 2027 முதல் குறைக்கப்போவதாக அறிவித்தது. அமெரிக்க வடிவத்தை நோக்கிய நகர்வு என்று அங்குள்ள இரசிகர்கள் பலர் கொதித்தெழுந்தனர். அந்த அறிவிப்பிலும் 3 முயற்சிகள், 12 வீரர்கள், ஸ்நாப்புக்கு முந்தைய ஓட்டம் ஆகியவை ஒன்றாகவே விட்டுவைக்கப்பட்டன. ஒன்றை எடுத்தால் மற்றது நிலைக்காது என்பது கனடியர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாதது, கனடாவை மேற்கோள் காட்டுபவர்களுக்குத்தான்.

அமெரிக்காவிலேயே இதனைச் சோதித்துப் பார்த்தவர்களும் இருந்தனர். 1974இல் தொடங்கிய உலக உதைபந்தாட்ட லீக், ஒரு வீரர் கோட்டை நோக்கி முன்னே ஓட அனுமதித்தது. 1975 பருவகாலம் முடியுமுன்னரே அந்த லீக் மூடப்பட்டது. அது மூடப்பட்டதற்குக் காரணம் பணமுடையே, இவ்விதி அல்ல. நேர்மையாக அதனைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் விதியைத் தளர்த்தினால் மக்கள் திரண்டு வருவர் என்ற கணக்கு அங்கே பலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

விறுவிறுப்புக்கு விதி தடையா?

"விறுவிறுப்பு" என்ற சொல்லை ஒரு கணம் சோதிப்போம். 1940 டிசெம்பர் 8ஆம் திகதி நடந்த இறுதிப் போட்டியில் சிக்காகோ பெயார்ஸ் அணி, வாஷிங்டன் அணியை 73–0 என்று தோற்கடித்தது. மூன்று வாரங்களுக்கு முன்னர் இதே வாஷிங்டன் அணி 7–3 என்று பெயார்ஸை வென்றிருந்தது. இடையில் என்ன நடந்தது? பெயார்ஸ் அணி கிளார்க் ஷோனசியின் துணையோடு தன் ஆட்டத்தைக் கூர்மையாக்கியது. ஒரே ஒரு வீரரைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, எதிரணி அவரை எவ்வாறு பின்தொடர்கிறது என்று பார்த்து, அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் தாக்கியது. இரண்டாவது முயற்சியிலேயே பில் ஒஸ்மான்ஸ்கி 68 யார் ஓடினார். விதி அனுமதித்த அந்த ஒற்றை வீரரைக் கொண்டே 11 டச்டவுன்கள்!

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2023 பெப்ரவரியில் நடந்த சுப்பர் போலில் கன்சாஸ் சிற்றி சீஃப்ஸ் அணியின் கடேரியஸ் டோனியும் ஸ்கை மூரும் உள்ளே வருவது போல ஓடி, சட்டென்று திரும்பி வெளியே சென்று, தம்மைச் சுற்றி எவருமே இல்லாத நிலையில் ஆளுக்கொரு டச்டவுன் பெற்றனர். சீஃப்ஸ் 38–35 என்று பிலடெல்பியாவை வென்றது. அடுத்த ஆண்டு சுப்பர் போலின் மேலதிக நேரத்தில் மெக்கோல் ஹார்ட்மன் பெற்ற வெற்றி டச்டவுனும் இதே குடும்பத்தைச் சேர்ந்த அசைவிலிருந்து வந்ததே. 2023 செப்டெம்பர் 24ஆம் திகதி, மைக் மெக்டானியலின் பயிற்சியில் இருந்த மியாமி அணி, டென்வருக்கு எதிராக 70 புள்ளிகளைக் குவித்தது. லீக்கின் அதிவேக வீரர்களுள் ஒருவரான டைரீக் ஹில், ஸ்நாப்புக்குச் சற்று முன்னர் வெளிப்புறமாகக் குறுகிய பாய்ச்சல் எடுத்து, அந்த வேகத்தோடு முன்னே திரும்பும் உத்தி அவ்வாண்டு லீக் முழுவதும் பிரதி செய்யப்பட்டது.

இவையெல்லாம் இருக்கும் விதிக்குள் நிகழ்ந்தவை. கட்டுப்பாடு இருந்தபடியால்தான் அறிவு வேலை செய்தது. எல்லோரும் எப்படியும் ஓடலாம் என்றால் தந்திரத்துக்கு என்ன மதிப்பு? இலக்கணம் இருக்கும் மொழியில்தான் சிலேடை சாத்தியம்.

ஏட்டில் இருந்தால் போதுமா?

எனது கோபம் முழுவதும் விதியைத் தளர்த்தச் சொல்பவர்கள் மீது மட்டும் அல்ல. விதியைக் காக்க வேண்டியவர்களின் அலட்சியம் அதைவிட ஆபத்தானது.

2023 டிசெம்பர் 10ஆம் திகதி பஃபலோ அணிக்கு எதிரான ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் சீஃப்ஸ் அணி ஓர் அற்புதமான டச்டவுனைப் பெற்றது. ட்ராவிஸ் கெல்சி பந்தைப் பிடித்து, ஓடிக்கொண்டே டோனியை நோக்கிப் பின்னே எறிய, டோனி எல்லையைக் கடந்தார். ஆனால் ஆட்டம் தொடங்கும்போதே டோனி கோட்டுக்கு முன்னால் நின்றிருந்தார். மஞ்சள் கொடி விழுந்தது, டச்டவுன் செல்லாதென்றானது, பஃபலோ 20–17 என்று வென்றது. படங்களைப் பார்த்த எவருக்கும் அத்தீர்ப்பில் சந்தேகம் எழ நியாயமில்லை. எனினும் குவாட்டர்பேக் பற்றிக் மஹோம்ஸ் கொதித்தார். பயிற்றுநர் அன்டி ரீட், இத்தகைய விடயங்களில் வழமையாக முதலில் எச்சரிக்கை தரப்படும் என்று முறைப்பட்டார்.

அந்த முறைப்பாட்டை நான் முக்கியமான ஒரு சாட்சியமாகக் கருதுகிறேன். எச்சரிக்கை தருவதற்கு விதியில் இடம் இல்லை. ஆனால் நடைமுறையில் அவ்வாறு ஒரு வழக்கம் இருந்து வந்திருக்கிறது என்பதை ஒரு மூத்த பயிற்றுநரே ஊருக்குச் சொல்லிவிட்டார். விதிக்குப் பக்கத்தில் எழுதப்படாத இன்னொரு விதி வளரும்போது, முதலாவது விதி மதிப்பிழக்கிறது. பின்னர் ஒருநாள் யாரேனும் முதலாவது விதியை அமுல்செய்தால், அதுவே அநியாயமாகத் தோன்றத் தொடங்குகிறது.

2025 செப்டெம்பர் 14ஆம் திகதி இதே சீஃப்ஸ் அணி பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியிடம் 20–17 என்று தோற்றது. குவாட்டர்பேக்கைப் பின்னாலிருந்து மொத்தமாகத் தள்ளும் ஈகிள்ஸின் பிரசித்திபெற்ற ஆட்டமுறையின்போது, வரிசை வீரர்கள் பந்து நகருமுன்னரே அசைந்தது காணொளிகளில் தெளிவாகத் தெரிந்தது. கொடி விழவில்லை. அந்த ஆட்டமுறையையே தடைசெய்யுமாறு கிரீன்பே அணி கொண்டுவந்த பிரேரணை, அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர் 22–10 என்று வாக்களிக்கப்பட்டு, தேவையான 24 வாக்குகள் கிடைக்காமல் தோற்றிருந்தது. தள்ளுவதைத் தடைசெய்வதா இல்லையா என்று மாதக்கணக்கில் விவாதித்தவர்கள், அசையாமல் நிற்க வேண்டும் என்று ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதை அமுல்செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பதைப் பேசவில்லை.

ஓட்டப்பந்தயத்தைப் பாருங்கள். முதற்தவறிலேயே வெளியேற்றம் என்ற விதியை சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் 2010இல் கொண்டுவந்தது. 2011 ஓகஸ்டில் தென்கொரியாவின் டேகு நகரில் நடந்த உலகச் சம்பியன்ஷிப் 100 மீற்றர் இறுதி ஓட்டத்தில் முந்திப் புறப்பட்டவர் வேறு யாருமல்லர், உசைன் போல்ட். உலகமே அவரைக் காண்பதற்காகக் காத்திருந்தது. அவர் வெளியேற்றப்பட்டார். விதி கடுமையானது என்று அன்று பலர் எழுதினர். ஆனால் அந்த விதி ஆள்பார்த்து நடந்தது என்று எவராலும் எழுத முடியவில்லை.

லீக்கே வழங்கிய வாக்குமூலம்

"1905இன் கதையை இன்றைக்கு ஏன் இழுக்கிறீர்கள்? இன்று கவசங்கள் இருக்கின்றன, மருத்துவர்கள் இருக்கிறார்கள்" என்று சிலர் சொல்லக்கூடும். அதற்கான பதிலை என்.எப்.எல். லீக்கே தந்திருக்கிறது. பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கட்டத்தில், இரு அணிகளும் நீண்ட தூரம் ஓடிவந்து மோதுவதால் மூளை அதிர்ச்சிக் காயங்கள் மிகுந்ததை அது கண்டது. 2009இல் பெரிய ஆப்பு வடிவத் தடுப்பைத் தடைசெய்தது. 2018இல் ஆப்பை முற்றாகவே ஒழித்து, உதைக்கும் அணியினர் ஓட்டமெடுத்துப் புறப்படுவதையும் நிறுத்தியது. 2024இல் இன்னும் ஒரு படி சென்று, உதைப்பவரையும் பந்தை எதிர்கொள்ளக் காத்திருப்பவர்களையும் தவிர்ந்த ஏனையோர் சில யார் இடைவெளியில் எதிரெதிரே நின்று, பந்து தரையிலோ வீரர் மீதோ படும்வரை அசையவே கூடாது என்று விதித்தது. மறு ஆண்டு அதனை நிரந்தரமாக்கியது.

1892இல் டெலன்ட் தொடங்கிவைத்ததை முற்றாக முடித்துவைக்க 126 ஆண்டுகள் எடுத்தன. நிற்பவன் மீது ஓடிவந்து மோதுவது ஆபத்தானது என்று 2024இல் மீண்டும் ஒப்புக்கொண்ட ஒரு நிறுவனம், ஸ்நாப்புக்கு முன்னரான ஒரு விநாடியைக் கண்டும் காணாமல் விடுவது எவ்வாறு பொருந்தும்?

என்ன செய்ய வேண்டும்?

விமர்சனம் மட்டும் செய்துவிட்டு நகர்வது எனது வழக்கமல்ல. மூன்று விடயங்களைக் கூறுகிறேன்.

முதலாவது, அளவிடுங்கள். என்.எப்.எல். வீரர்களின் தோள்கவசங்களில் சிறு மின்னணு வில்லைகள் பொருத்தப்பட்டுள்ளன. ஒவ்வொருவரும் எங்கே, எவ்வளவு வேகத்தில், எத்திசையில் செல்கிறார் என்பதை அவை விநாடிக்கு 10 தடவை பதிவுசெய்கின்றன. தொலைக்காட்சியில் வேகத்தைக் காட்டி வியக்க வைப்பதற்கு அவை பயன்படுகின்றன. 2025 முதல், பந்து பத்து யாரை எட்டியதா என்று கமராக்களைக் கொண்டு அளக்கிறார்கள். பந்தின் அங்குலங்களுக்குக் கருவி இருக்கிறது. மனிதர்களின் விநாடிக்கு நடுவரின் மனக்கணக்குத்தான். திடலில் இருக்கும் 7 நடுவர்களும் 22 பேரைப் பார்க்க வேண்டியவர்கள். பக்கவாட்டில் ஓடுபவன் கடைசி அடியில் சற்றே முன்னே திரும்பினானா என்பதை வெறுங்கண்ணால் தீர்மானிக்குமாறு அவர்களிடம் கேட்பது அவர்களுக்கும் அநீதி.

இரண்டாவது, எச்சரிக்கை என்ற எழுதப்படாத வழக்கத்தை ஒழியுங்கள். அல்லது அதனை எழுத்தில் கொண்டுவந்து எல்லோருக்கும் பொதுவாக்குங்கள். நட்சத்திரத்துக்கு எச்சரிக்கை, புதியவனுக்குக் கொடி என்ற சந்தேகத்துக்கு இடமே இருக்கக் கூடாது.

மூன்றாவது, தளர்த்த விரும்புபவர்கள் நேராக வாருங்கள். பிரேரணையை எழுதுங்கள். ஓடிவருபவனுக்கு எதைக் கொடுக்கிறீர்களோ, எதிரே நிற்பவனுக்கு எதைக் கொடுப்பீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். ஒரு யார் தூரமா, பன்னிரண்டாவது வீரரா, மூன்று முயற்சிகளா? அதைச் சொல்லாமல் சுதந்திரம், விறுவிறுப்பு என்று மட்டும் பேசினால் நான் நம்பத் தயாராக இல்லை.

ஸ்காபரோ நண்பர் இதனை வாசித்துவிட்டு மீண்டும் தொலைபேசியில் அழைப்பார் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். தொழில்முறை லீக்கில் நடப்பதைப் பார்த்துத்தான் பாடசாலைத் திடலில் 15 வயதுப் பையன் பழகுகிறான். அங்கே விலையுயர்ந்த கமராக்களும் இல்லை, ஏழு நடுவர்களும் இல்லை. எதிரே வருபவன் நின்ற நிலையிலிருந்துதான் புறப்படுவான் என்ற நம்பிக்கை ஒன்றோடு மாத்திரமே அவன் குனிந்து நிற்கிறான். அந்த ஒரு விநாடி லீக்குக்கோ, பயிற்றுநருக்கோ, தொலைக்காட்சி நிறுவனத்துக்கோ சொந்தமானதல்ல. அது அவனுக்குச் சொந்தமானது.